ஹோமரின் படகை மீண்டும் வரைதல்: அமெரிக்க யதார்த்தவாத எண்ணெய் ஓவியத்தைக் கையால் நகலெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் 61.5 செ.மீ. உயரமும் 97 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. வின்ஸ்லோ ஹோமர் வரைந்த ‘ப்ரீசிங் அப்’ அது. காற்று பலமாக வீச, ஒற்றைப் பாய் கட்டிய சிறு படகு ஒருபுறம் சாய்ந்தபடி நீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. பெரியவர் ஒருவர் பாய்க்கயிற்றைப் பிடித்திருக்க, மூன்று சிறுவர்கள் சாய்வுக்கு எதிராகத் தங்கள் உடல் எடையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுக்கான் பின்புறம் அமர்ந்த சிறுவனின் பொறுப்பில் இருக்கிறது. படகின் பின்பலகையில் ‘குளோஸ்டர்’ என்ற ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. வலப்பக்கம், தொலைவில், ஒரு பெரிய பாய்க்கப்பல் தெரிகிறது.

1873ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் நீர்வண்ணங்கள் தீட்டிய ஹோமர், அந்த ஆண்டிலேயே தொடங்கிய இந்த எண்ணெய் ஓவியத்தை 1876இல்தான் முடித்தார். ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத படத்துக்கு ஏன் மூன்று ஆண்டுகள் என்ற கேள்விக்கு அகச்சிவப்புக் கதிர் ஆய்வு விடை சொல்லியிருக்கிறது. பாய்மரத்தின் அருகே நான்காவதாக ஒரு சிறுவன் இருந்திருக்கிறான். அவனை அழித்துவிட்டுப் படகின் முன்முனையான அணியத்தில் நங்கூரத்தை வைத்திருக்கிறார் ஹோமர். தொலைவில் இரண்டாவதாக ஒரு பாய்க்கப்பல் இருந்து நீக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் பாய்க்கயிறும் சுக்கானும் இரண்டுமே பெரியவரின் கையில் இருந்திருக்கின்றன. பிறகே சுக்கான் சிறுவனிடம் போயிருக்கிறது.

நகலெடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. நாம் பார்க்கும் மேற்பரப்பு பல முடிவுகளின் கடைசி அடுக்கு மட்டுமே. அந்த அடுக்கை மட்டும் பார்த்து, மேல் மூலையில் தொடங்கிக் கீழ் மூலை வரை சதுரம் சதுரமாக நிரப்பிக்கொண்டு போனால் கிடைக்கும் படம் உயிரற்றுத்தான் இருக்கும். ஓவியர் எதை முதலில் முடிவு செய்தார், எதை அதன்மேல் வைத்தார், எதைக் கடைசிவரை தள்ளிப்போட்டார் என்ற வரிசையைத் திரும்ப நடந்து பார்ப்பதே கைநகல். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் செல்கிறது.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது உரிமை. அமெரிக்க யதார்த்தவாத ஓவியர்களில் ஹோமர் 1910இலும் தாமஸ் ஈக்கின்ஸ் 1916இலும் மறைந்தவர்கள். அவர்களின் ஓவியங்களை நகலெடுக்கவும் அந்த நகலை விற்கவும் தடையில்லை. எட்வர்ட் ஹாப்பர் 1967இல் மறைந்தார். இந்தியச் சட்டம் ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை தருவதால், இங்கே அவருடைய படைப்புகள் 2027ஆம் ஆண்டின் இறுதி வரை காப்பில் இருக்கும். அமெரிக்கச் சட்டம் வேறு கணக்கில் ஓடுகிறது. எனவே அவருடைய ‘நைட்ஹாக்ஸ்’ போன்ற படத்தை அனுமதியின்றி வரைந்து விற்பது சரியன்று. ஆண்ட்ரூ வையத் 2009இல்தான் மறைந்தார் என்பதோடு, அவருடைய புகழ்பெற்ற ‘கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்’ எண்ணெய் ஓவியமே அன்று. முட்டைக்கருவில் குழைத்த டெம்பரா வண்ணத்தில் தீட்டப்பட்டது. அதன் உலர்ந்த, புல்லிதழ் புல்லிதழாகப் பிரிந்து நிற்கும் தன்மையை எண்ணெயில் கொண்டுவர முயல்வது வேறொரு படம் வரைவதாகவே முடியும்.

ஈக்கின்ஸ் அருமையான ஆசிரியர்தான். ஆனால் அவருடைய ‘தி கிராஸ் கிளினிக்’ ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரம் கொண்டது. வீட்டு அறைக்குள் அடங்காது. அளவுகோலும் கணக்கும் பிடித்தவர்கள், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 1871ஆம் ஆண்டுப் படகோட்டி ஓவியமான ‘மேக்ஸ் ஷ்மிட் இன் எ சிங்கிள் ஸ்கல்’லை எடுத்துக்கொள்ளலாம். துடுப்புப் படகுகளைத் தீட்டுவதற்கு முன் தூரத்துக்கேற்ப உருவம் சிறுப்பதைக் காட்டும் வரைபடங்களைக் கோல் வைத்துக் கணக்கிட்டுப் போட்டவர் அவர்.

முதல் நகலுக்கு நான் ஹோமரையே பரிந்துரைப்பேன். பாஸ்டனில் கல்லச்சுக் கூடத்தில் தொழில் பழகி, பின்னர் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழுக்கு மரச்செதுக்குப் படங்கள் வரைந்து, உள்நாட்டுப் போரையும் அதற்காகவே பதிவு செய்தவர் அவர். கறுப்பும் வெள்ளையுமாக உலகத்தைப் பார்த்துப் பழகிய கை அது. அதனால் அவருடைய எண்ணெய் ஓவியங்களிலும் ஒளித்திரளும் இருள்திரளும் உறுதியாக நிற்கின்றன. அவற்றைச் சரியாகப் பிடித்துவிட்டால் படத்தில் பாதி கிடைத்துவிடும். ஒரே காட்சியை மீண்டும் வரைவதை அவரும் குறையாக நினைக்கவில்லை. சிறுவர்கள் கைகோத்து ஓடும் ‘ஸ்னாப் தி விப்’ படத்தை 1872இல் அவரே இரண்டு வடிவங்களில் வரைந்தார். ஒன்று மெட்ரோபாலிட்டனிலும் மற்றொன்று ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் உள்ள பட்லர் நிறுவனத்திலும் இருக்கின்றன.

மூலப்படமும் அளவும்

நேரில் பார்த்து வரையும் வாய்ப்பு இருப்பவர்கள் பேறு பெற்றவர்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1872 முதலும், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அது திறக்கப்பட்ட 1941 முதலும் நகலெடுப்போரை உள்ளே அனுமதித்து வருகின்றன. மற்றவர்களுக்குத் தேசியக் கலைக்கூடமே 2012 முதல் உயர்தரப் படக்கோப்புகளை இலவசமாகத் தருகிறது. தேடுபொறியில் முதலில் வரும் படத்தை எடுக்காதீர்கள். ஒரே ஓவியம் ஓரிடத்தில் மஞ்சளாகவும் வேறிடத்தில் நீலமாகவும் காணக் கிடைக்கும். நான் ஒருமுறை ஒரு சுவரொட்டியை நம்பி வானம் முழுவதையும் பச்சை கலந்து தீட்டிவிட்டு, மூன்று நாள் வேலையைச் சுரண்டி எடுத்தேன்.

கலைக்கூடத்தின் கோப்பை எடுத்து, பளபளப்பில்லாத தாளில் நகலின் அளவிலேயே அச்சிட்டுக்கொள்ளுங்கள். கோடும் அளவும் பார்க்க அச்சுப்படி. நுணுக்கம் பார்க்கப் பெரிதாக்கக்கூடிய திரை. இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நகலை மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது. அருங்காட்சியகங்கள் இதை விதியாகவே வைத்திருப்பது நகல் பிற்காலத்தில் மூலமாக விற்கப்படாமலிருக்கத்தான். முக்கால் அளவு எடுத்துக்கொள்வோம்: 46.1 செ.மீ. உயரம், 72.8 செ.மீ. அகலம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கித்தான்களில் இந்த விகிதம் இருக்காது. கொஞ்சம் நெருங்கிய அளவில் வாங்கி ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்தப் படத்தில் வலப்பக்க வெறுமைதான் இடப்பக்கப் படகின் பாரத்தைத் தாங்குகிறது. அதில் இரண்டு விரற்கடை குறைந்தாலும் படகு சட்டத்தில் போய் இடிப்பதுபோல் ஆகிவிடும்.

கித்தானைக் கட்டித் தயார் செய்தல்

மரச்சட்டத்தை மேற்சொன்ன அளவில் செய்து வாங்குங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் 86.2 செ.மீ. வருகின்றனவா என்று அளந்து பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் சட்டம் கோணியிருக்கிறது என்று பொருள். துணி லினனாக இருந்தால் சிறப்பு. முதல் நகலுக்குப் பருத்திக் கித்தானும் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் தொடங்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி இழுத்து மூலைகளை நோக்கிப் பின் அடித்துச் செல்லுங்கள். அடிப்பூச்சான அக்ரிலிக் ஜெஸ்ஸோவை மெல்லியதாக மூன்று பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் மென்மையான உப்புத்தாளால் தேயுங்கள். அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் நிற்காது.

வெள்ளைக் கித்தானில் நேரடியாகத் தொடங்கினால் எந்த நிறமும் கறுப்பாகவே தெரியும். ஆகவே ரா அம்பர் என்ற மண்பழுப்பு நிறத்தில் துளி வெள்ளை சேர்த்து, டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் தேய்த்து, ஈரமண் நிறத்தில் ஒரு சாயம் ஏற்றி இரண்டு நாள் காய விடுங்கள்.

கோட்டு வரைவு

அச்சுப்படியையும் கித்தானையும் அகலத்தில் எட்டாகவும் உயரத்தில் எட்டாகவும் பிரியுங்கள். கித்தானில் ஒவ்வொரு கட்டமும் 9.1 செ.மீ. அகலமும் 5.76 செ.மீ. உயரமும் இருக்கும். படகும் மனிதர்களும் வரும் கட்டங்களை மட்டும் மறுபடி பாதியாக்குங்கள். வானத்துக்கு அது தேவையில்லை. மெல்லிய கரிக்கோலால் வரையுங்கள்.

வரிசை முக்கியம். அடிவானம் முதலில், அதை நீர்மட்டக் கருவி வைத்துச் சரிபாருங்கள். அடுத்து பாய்மரத்தின் சாய்வு. அதன்பின் படகின் மேல்விளிம்பு. இந்த மூன்று கோடுகளுக்கு இடையேயுள்ள கோணங்களில்தான் காற்று இருக்கிறது. பயில்பவர்களின் கை தன்னையறியாமல் பாய்மரத்தைக் கொஞ்சம் நிமிர்த்திவிடும். கண் செங்குத்தை விரும்புகிறது. ஓர் அட்டையில் மூலத்தின் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு கித்தானில் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. பிறகு கித்தானைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் உடனே கண்ணில் படும். கோடுகள் சரியென்று உறுதியான பிறகு, நீர்த்த அம்பரால் அவற்றை மெல்லிய தூரிகை கொண்டு பதித்து, கரியைத் துணியால் தட்டிவிடுங்கள்.

ஒளியும் இருளும் மட்டும்

இந்தக் கட்டத்தில் ஒரே நிறம்: ரா அம்பர். இருள் வேண்டிய இடத்தில் பூசுங்கள். ஒளி வேண்டிய இடத்தில் துணியால் துடைத்தெடுங்கள். பாய், படகு, மனிதர்கள், கடல், வானம் என்று பெயர் சொல்லிப் பிரிக்காமல், இருண்ட வடிவம், நடுத்தர வடிவம், வெளிச்ச வடிவம் என மூன்றாக மட்டும் பாருங்கள். அச்சுப்படியைக் கறுப்பு வெள்ளையில் இன்னொரு பிரதி எடுத்து அருகில் மாட்டிக்கொள்வது உதவும். படகுக்குள் உள்ளவர்கள் தனித்தனி உருவங்களாக அல்லாமல், படகோடு சேர்ந்த ஒரே இருள்திரளாக இங்கே தெரிய வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது படகின் சாய்வு புரிகிறதா? புரியாவிட்டால் வண்ணம் அதைக் காப்பாற்றாது. ஒரு வாரம் இதிலேயே செலவானாலும் தவறில்லை.

வண்ணத்தட்டு

எட்டு வண்ணங்கள் போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, காட்மியம் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், ஐவரி கறுப்பு. ஹோமரின் காலத்து வெள்ளை ஈயத்திலிருந்து வந்தது. டைட்டானியம் வெள்ளை 1920களை ஒட்டித்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. ஈயம் நச்சு என்பதால் வீட்டில் அதைத் தவிர்க்கலாம். ஆனால் டைட்டானியம் கூடுதல் அடர்த்தியும் குளிர்ச்சியும் உடையது. மூலத்தின் வெதுவெதுப்பு கிடைக்க அதில் கடுகளவு ஓக்கரைக் கலந்து, அந்தக் கலவையையே உங்கள் ‘வெள்ளை’யாகப் பயன்படுத்துங்கள். துத்தநாக வெள்ளையை நம்பாதீர்கள். காலப்போக்கில் நொறுங்கி வெடிக்கும்.

நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு சாம்பல்நிற அட்டையில் 5 மி.மீ. துளை போட்டு, அதன் வழியே மூலத்தின் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். வெள்ளை என்று நாம் சத்தியம் செய்யக்கூடிய பாய்த்துணி, துளைக்குள் மண்ணும் சாம்பலும் கலந்த நிறமாகத் தெரியும். கலந்த வண்ணத்தைத் தூரிகையால் அட்டையின் ஓரத்தில் தொட்டு, துளையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கித்தானுக்குக் கொண்டுபோங்கள்.

அடுக்குகளுக்கு ஒரே சட்டம்: கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போகக் கூடுதல். முதல் அடுக்குக்கு டர்பென்டைன் மட்டும். அடுத்ததற்குக் குழாயிலிருந்து வரும் வண்ணமே போதும். கடைசித் தொடுகைகளுக்கு, தேவையானால் அதில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய். இதை மாற்றினால், மேல் அடுக்கு முதலில் இறுகி, கீழ் அடுக்கு பின்னர் அசைந்து, வெடிப்பு விழும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். துணிகளைத் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். சன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்யுங்கள்.

வானமும் கடலும்

வானத்தை முதலில் முடியுங்கள். வெள்ளை, அல்ட்ராமரைன், சிறிது கறுப்பு, இழையளவு ஓக்கர் ஆகியவற்றிலிருந்து மூன்று கலவைகளை முன்கூட்டியே கலந்து வைத்துக்கொண்டு, அகலத் தூரிகையால் ஒரே அமர்வில், ஈரம் காயுமுன் தீட்டுங்கள். அடிவானத்துக்கு அருகே வானத்தின் நிறத்தைக் கடலுக்குள் சற்று இழுத்துவிடுங்கள். பிறகு கடலைத் தீட்டும்போது விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்காது.

கடல்தான் இந்தப் படத்தின் பள்ளிக்கூடம். பிரஷ்யன் நீலமும் ரா அம்பரும் கலந்தால் கிடைக்கும் ஆழ்ந்த கரும்பச்சையை அடித்தளமாக வையுங்கள். பிரஷ்யன் நீலம் வலிமையானது, மிளகளவு போதும். அது மூன்று நாள் காய்ந்த பிறகு, அலைகளின் முதுகுகளைச் சற்றே வெளிறிய பச்சையில், படகு செல்லும் திசையைப் பின்பற்றிக் குறுகிய இழுப்புகளாக வையுங்கள். அருகில் வர வர இழுப்பு நீளமாகவும், தொலைவில் செல்லச் செல்லக் குட்டையாகவும் இருக்கட்டும்.

அலையின் நுரைமுகட்டுக்கு மட்டும் தனியாகச் சில சொற்கள். நான்காம் எண் தட்டை முடித்தூரிகையை எடுத்து, எண்ணெய் எதுவும் சேர்க்காத கெட்டியான வெள்ளையை அதன் ஒரு பக்கத்தில் மட்டும் அள்ளிக்கொள்ளுங்கள். காய்ந்த கரும்பச்சையின் மேல், தூரிகையைக் கித்தானுக்கு ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. தொடக்கத்தில் வண்ணம் கெட்டியாக விழும். நடுவில் கித்தானின் நெசவு மேடுகளில் மட்டும் ஒட்டும். முடிவில் உடைந்து, கீழேயுள்ள கரும்பச்சை இடையிடையே எட்டிப்பார்க்கும். அந்த உடைவுதான் நுரை. அதன்பின் கை அங்கே போகக் கூடாது. சரியாக வரவில்லையென்றால் தட்டுக்கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஓர் இழுப்பு வையுங்கள். தேய்த்துச் சரிசெய்யத் தொடங்கினால் நுரை மாவாகிவிடும். என் முதல் நகலில் படகின் அணியத்துக்கு அருகிலுள்ள ஒரே ஓர் அலைக்காக ஒரு மாலை முழுவதும் சுரண்டிச் சுரண்டி வரைந்தேன். அந்த மாலையில் கற்றுக்கொண்டதை எந்தப் பாடமும் எனக்குத் தந்ததில்லை.

படகும் மனிதர்களும்

படகைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுபோங்கள்: முதலில் உட்புற இருள், பிறகு பலகைகளின் நடுத்தொனி, கடைசியாக ஒளிபட்ட விளிம்புகள். படகின் அடியில் கிடக்கும் மீன்களைச் செதில் செதிலாக வரையாதீர்கள். சாம்பல் கலந்த சில மினுக்கங்கள் போதும். அணியத்து நங்கூரத்தை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். ஒரு சிறுவனை அழித்துவிட்டு அந்த இடத்தில் அவர் வைத்த பொருள் அது. மேற்கத்திய மரபில் நங்கூரம் நம்பிக்கையின் அடையாளம். அமெரிக்கா தன் விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடிய 1876இல் இந்த ஓவியத்தைப் பார்த்தவர்கள் அதை அப்படியே வாசித்தார்கள்.

மனிதர்களைத் தீட்டும்போது முகத்தில் தொடங்காதீர்கள். அமர்ந்திருக்கும் உடல்களின் சாய்வு, தோள்களின் கோடு, தொப்பிகளின் வடிவம் என்ற வரிசையில் வாருங்கள். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முன்னே விரிந்த தொலைவைப் பார்க்கிறார்கள். ஆகவே கண்ணையும் மூக்கையும் கூர்மையாக்குவதைவிட, தலை திரும்பியிருக்கும் கோணத்தைச் சரியாகப் பிடிப்பதே முக்கியம். பெரியவரின் கையிலிருக்கும் பாய்க்கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும். அதை நீளமுடி கொண்ட மெல்லிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே கோடாக இழுங்கள். பின்பலகையிலுள்ள ஊர்ப்பெயரின் எழுத்துகளும் பலகையின் வளைவோடும் சாய்வோடும் சேர்ந்தே சாய வேண்டும். தொலைவிலுள்ள பாய்க்கப்பலைக் கடைசியாக, வானத்தின் நிறத்தைக் கலந்த வெளிறிய தொனியில் வையுங்கள்; அதைக் கூர்மையாக்கினால் அது அருகில் வந்துவிடும்.

காய விடுதலும் வார்னிஷும்

எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது. அம்பர் விரைவில் காயும். ஐவரி கறுப்பும் டைட்டானியம் வெள்ளையும் தாமதிக்கும். மெல்லிய பகுதிகளுக்கு ஆறு மாதம், நுரைபோன்ற தடித்த பகுதிகளுக்கு ஓராண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின், வெள்ளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் வண்ணம் ஏறினால் இன்னும் காத்திருக்க வேண்டும். வார்னிஷாக, பின்னாளில் நீக்கக்கூடிய செயற்கைப் பிசின் வகையை வாங்குங்கள். பழைய டாமர் பிசின் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும்.

வரைந்து தரச் சொல்லி வாங்குபவர்களுக்கு

கைநகல் ஓவியங்கள் பெரும் தொழிலாகவே நடக்கின்றன. சீனாவின் ஷென்சென் நகரத்து டாஃபன் பகுதி அதற்குப் பெயர் பெற்றது. வாங்குமுன் சில சோதனைகள் செய்யலாம். அச்சிட்ட கித்தானின் மேல் நிறமற்ற பசையால் தூரிகைத் தடம் போட்டு, கையால் வரைந்ததென்று விற்பதுண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் அச்சின் வண்ணப் புள்ளிகள் தெரிந்துவிடும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள்: தடம் ஒரு பக்கமும் நிறத்தின் எல்லை வேறு பக்கமும் போனால் அது அச்சு. அம்பர் நிலையிலும் கடல் முடிந்த நிலையிலும் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். சுருட்டி அனுப்பினால், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டச் சொல்லுங்கள்; உள்ளே சுருட்டினால் வண்ணம் நெரிந்து மடிப்பு விழும்.

பின்பக்கம் எழுத வேண்டியவை

ஹோமரின் கையொப்பத்தை நகலில் இடாதீர்கள். கித்தானைத் திருப்பி, சட்டத்தின் மேற்கட்டையில் அழியாத மையால் இவற்றை எழுதுங்கள்: ‘வின்ஸ்லோ ஹோமரின் ப்ரீசிங் அப் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது, மூலம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில், முக்கால் அளவு’. அதன்கீழ் உங்கள் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், பயன்படுத்திய எட்டு வண்ணங்களின் பெயர்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் இதைச் சுத்தம் செய்யக் கையில் எடுக்கும்போது, எந்த வார்னிஷ், எந்த வெள்ளை என்று அவர் தேட வேண்டியிராதபடி அந்த இரண்டின் வகையையும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.